செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன்னால்

ஆடோ மாடோ விஷம் தின்று செத்தால் ஊரில் முதலில் எழும் குரல், "சீக்கிரம் குழியைத் தோண்டுங்கப்பா, நாய் இழுத்துரும்" என்பதுதான். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்த உடலைத் தின்கிற நாயும் காக்கையும்கூடச் செத்துப்போகலாம். ஆனால் புதைத்துவிட்டால் கேஸும் அதே குழிக்குள் போய்விடும். எங்கள் அம்மாவின் ஆடுகளுக்கு விஷம் வைத்தவர் மேல் இன்றைக்குக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அன்று மதியம் செத்த ஐந்து ஆடுகளையும் வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடி, போலீஸ் வரும்வரை நாய் அண்டாமல் காவல் இருந்தோம். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, கரிசல் காடு. மானாவாரி நிலம், பெரும்பாலும் மக்காச்சோளம். அம்மா வைத்திருப்பவை கன்னி ஆடுகள். இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு கறுப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. ஓடையை ஒட்டி மேய்த்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் திரும்புவது வழக்கம். ஓடைக்கு மேற்கே ஒருவருக்கு மக்காச்சோளக் காடு. ஆடு உள்ளே போய்விட்டது என்று முன்பு சண்டை வந்திருக்கிறது. பயிரில் ஆடு வாய் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும், அதில் தப்பில்லை. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பயிரை மேய்ந்த ஆடு மாடுகளைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில், அதாவது அத்துமீறிய கால்நடைகளை அடைக்கும் பட்டியில், அடைத்துவிடலாம், சொந்தக்காரர் தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பவுண்டில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அது தனிக் கதை.

இது நடந்தது 2024 கார்த்திகையில். ஓடைக்கரையில் வாழை இலைத் துண்டுகளில் தவிடும் சோறும் பிசைந்து நாலைந்து இடத்தில் வைத்திருந்தது. அம்மா பார்ப்பதற்குள் முன்னால் போன ஆடுகள் வாய் வைத்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு சினை ஆடு பின்னங்கால் பின்னிக் கீழே விழுந்தது. அப்புறம் அடுத்தடுத்து மற்றவை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் ஊரில் இருந்தேன். நான் ஓடியபோது வாயெல்லாம் நுரை, கண்ணில் நீர், தோள் சதை துடித்துக்கொண்டே இருந்தது. 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டோம். கால்நடை ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது ஐந்து முடிந்துவிட்டன, மூன்றுக்கு மூச்சு இருந்தது.

டாக்டர் முதலில் கண்ணைத்தான் பார்த்தார். ஆட்டுக் கண்மணி நம்முடையதைப் போல வட்டம் கிடையாது, படுக்கைவாட்டில் பட்டையாக இருக்கும். அது நூல் கனத்துக்குச் சுருங்கியிருந்தது. தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "குருணை மருந்து. திமெட்டாத்தான் இருக்கும்" என்றார். அட்ரோபின் ஊசி போட்டுவிட்டு, எச்சில் ஒழுகுவது நின்று வாய் உலர்கிறதா என்று விரலை விட்டு விட்டுப் பார்த்தார். உலரவில்லை என்றால் மறுபடி ஊசி. அப்படித்தான் அந்த மூன்றும் பிழைத்தன. திமெட் என்று நாம் சொல்லும் போரேட் பூச்சிமருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது; ஆனாலும் பரணில் கிடந்த பழைய பொட்டலங்கள் அப்படியே கிடக்கின்றன.

டாக்டர்தான் எங்களுக்கு வழி காட்டினார். போலீஸிடமிருந்து எழுத்தில் கோரிக்கை வந்தால்தான் வழக்குக்குச் செல்லும்படியான போஸ்ட்மார்ட்டம் செய்ய முடியும், இல்லாவிட்டால் வெறும் சிகிச்சைச் சீட்டுதான் தர முடியும் என்றார். உடம்பு ஊதுவதற்குள், வெளிச்சம் போவதற்குள் வேலை நடக்க வேண்டும். தவிட்டைக் கையால் தொடக் கூடாது, கூட்டி அள்ளவும் கூடாது. இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள் என்றார். நான் செல்போனில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்து, ஒவ்வொரு இலைத் துண்டையும் பக்கத்தில் ஓர் அடையாளம் தெரிகிற மாதிரி எடுத்தேன். ஒன்றில் கல் பாலம், ஒன்றில் மின்கம்பத்தின் எண். இந்தப் போட்டோக்கள் பின்னால் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று அப்போது தெரியாது.

புகார் மனுவை அம்மா பெயரில் எழுதினோம். ஆடுகளின் சொந்தக்காரர் அவர்தான் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெண்கள் யாராக இருந்தாலும் வருமானக் கணக்கு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்தில் போய்க் கேட்டால் மனு எழுதவும் ஆள் தருகிறார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, பக்கத்துக் காட்டுக்காரர். கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேக்கோம், பணத்தை வாங்கிக் குடுத்திருதோம். ஆட்டுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா?" என்றார். அம்மா பதில் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் போஸ்ட்மார்ட்டக் கோரிக்கையை மட்டும் முதலில் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று கெஞ்சினேன். அந்தக் கடிதம் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் டாக்டர் அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் இருந்த தீனி, ஈரல், சிறுநீரகம் என்று தனித்தனிப் புட்டியில் உப்புக் கரைசலில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். சினை ஆட்டின் வயிற்றில் இரண்டு குட்டி. அறிக்கையில் அதையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். அதற்கப்புறம்தான் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

கையில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. நிறையப் பேர் இதை வாங்கிக்கொண்டு கேஸ் போட்டாச்சு என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மனு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி அது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு.

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த குற்றத்துக்குப் பழைய ஐ.பி.சி. கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். அதில் 325ஆவது பிரிவு. எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது எல்லாம் அதில் வரும். ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய 428, 429 பிரிவுகளில் விலங்கின் மதிப்பு பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்றெல்லாம் கணக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)படி, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம். எங்கள் மனு அந்தப் பெயரில் ஊறப் போடப்பட்டது. 14 நாள் கடந்தும் அசைவில்லை. அப்புறம் வக்கீல் சொன்னபடி 173(4)இன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். போஸ்ட்மார்ட்ட அறிக்கை, போட்டோ, சி.எஸ்.ஆர். நகல் எல்லாம் இணைத்தோம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அதற்கு அவசியம் வரவில்லை. அந்த வாரமே ஸ்டேஷனிலிருந்து போன் வந்து, எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள். நகலுக்குக் காசு கிடையாது.

மிருகவதைத் தடைச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினோம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் இந்தச் சட்டத்தின் பெயர் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அதில் தண்டனை என்ன தெரியுமா? 1960இல் வந்த சட்டம் அது. முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். எட்டு ஆட்டைத் துடிக்க வைத்ததற்கு ஒரு டீ, வடைக் காசு. 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கூட்டச் சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு அந்தச் சட்டப்படி வழக்கு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். தடயவியல் அறிக்கை அதற்குள் வருவதாவது! அப்படியானால் எதற்கு அந்தப் பிரிவு என்று நானும் வக்கீலிடம் கேட்டேன். 325 சொத்துக்குச் சேதம் என்கிற அத்தியாயத்தில் வருகிறது; அந்தப் பிரிவின் கண்ணில் நம் ஆடு ஒரு பொருள், நஷ்டம் நமக்கு. ஆடு பட்ட வேதனையைக் குற்றம் என்று சொல்வது இந்த ஐம்பது ரூபாய்ச் சட்டம் மட்டும்தான், காகிதத்திலாவது இருக்கட்டும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

எதிர்த்தரப்பு சொன்னது எதிர்பார்த்ததுதான். எலிக்கும் பன்றிக்கும் என் காட்டுக்குள் வைத்தேன், ஆடு உள்ளே வந்து தின்றால் நான் என்ன செய்ய? இங்கேதான் போட்டோக்கள் கைகொடுத்தன. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர் போட வந்த எஸ்.ஐ.யை அந்தக் கல் பாலத்துக்கும் மின்கம்பத்துக்கும் கூட்டிக்கொண்டு போனோம். வி.ஏ.ஓ. புல வரைபடத்தோடு வந்து, அந்த இடம் பட்டா நிலம் இல்லை, ஓடைப் புறம்போக்கு என்று எழுதிக் கொடுத்தார். மக்காச்சோளம் அங்கிருந்து நல்ல தூரம் தள்ளி இருக்கிறது. எலி வாழை இலையில் சோறு பரிமாறினால்தான் சாப்பிடுமா என்று எஸ்.ஐ. கேட்டபோது கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சாட்சிதான் பெரும்பாடு. விடியற்காலையில் விறகு பொறுக்கப் போன ஒரு பாட்டி, அந்த மக்காச்சோளக் காட்டுக்காரர் அலுமினியப் போணியோடு ஓடைக்கரையில் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்திருக்கிறார். அம்மாவிடம் சொன்னவர், போலீஸ் என்றதும் பின்வாங்கினார். "நான் அவுக காட்டுல களையெடுத்துத்தான் கஞ்சி குடிக்கேன் தாயி" என்றார். அதை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. அம்மா என்ன பேசினாரோ, கொஞ்ச நாள் கழித்துப் பாட்டியே எஸ்.ஐ.யிடம் வாக்குமூலம் கொடுத்தார்.

இதற்கிடையில் சாவடியில் கூட்டம். எங்கள் சித்தப்பாவே முன்னின்று பேசினார். "மைனி, ஒரே ஊருல இருக்கோம், நாளைப்பின்ன நல்லது கெட்டதுக்கு முகத்துல முழிக்கணும். எட்டயபுரம் சந்தை விலைக்கு மேலயே போட்டுத் தாராரு, வாங்கிக்கிடுங்க" என்றார். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது; இந்தக் குற்றத்தில் விலங்கின் சொந்தக்காரர் சமாதானமாகப் போகலாம். அம்மா, "அவரு என்கிட்ட ஆடு விலைக்குக் கேட்டிருந்தா வாங்கியிருப்பேன் கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் எங்களை அழைக்காமல் இரண்டு கல்யாணம் நடந்தது. சமாதானமாகப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போவதாக இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு போங்கள். அதற்கு முன்னால் பேசினால் நீங்கள் கெஞ்சுகிற இடத்தில் இருப்பீர்கள்.

புட்டிகள் ஸ்டேஷனிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போவதில்லை, கோர்ட் மூலமாகத்தான் போக வேண்டும். ஸ்டேஷனில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலையாகிவிடுகிறது. 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்த பிறகுதான் புட்டி கோர்ட்டுக்கு நகர்ந்தது. அறிக்கை வர மாதக்கணக்கில் ஆனது. தவிட்டிலும் இரைப்பைத் தீனியிலும் போரேட் என்று வந்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் அவர் ஒரு ராத்திரிகூட உள்ளே இருக்கவில்லை. ஊரில் பலருக்கு அதுவே கேஸ் தோற்றுப்போனதற்கு அடையாளம். அப்படி இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

நஷ்ட ஈடு தனியாகக் கேட்க வேண்டும். தண்டனை கொடுக்கும்போது அபராதத்திலிருந்தோ தனியாகவோ இழப்பீடு கொடுக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கு டாக்டர் கொடுத்த மதிப்புச் சான்று, 1962 சிகிச்சைச் சீட்டு, சந்தையில் ஆடு வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறோம். மூன்று ஆடு பிழைத்ததே, அதையும் மனுவில் எழுதுங்கள். விஷம் வைத்தாலே குற்றம், செத்தால்தான் என்றில்லை.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, இப்போது வாய்தாக்கள் ஓடுகின்றன. பாட்டிக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. களையெடுப்புக் கூலி ஒரு நாள் போய்விடுமே என்றுதான் முதலில் கேட்டார். அரசுத் தரப்புச் சாட்சிக்குக் கோர்ட்டில் படி உண்டு, யாரும் தானாக எடுத்துத் தர மாட்டார்கள், சாட்சி சொல்லி முடித்ததும் கேட்டு வாங்க வேண்டும். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.