ஒண்ணும் ஆகாதும்மா

"ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க." ஏழு வருட நர்ஸ் வேலையில் நான் அதிகம் சொன்னது இதைத்தான். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, பிரசவ வலியின் நடுவில், ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை, யாராக இருந்தாலும் இதே வார்த்தை. அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அது தவறு என்று சிவப்பில் வந்து நின்றது. நாளை மார்பக அறுவை சிகிச்சை, நோயாளி அழுகிறார், நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்? "டாக்டர் கெட்டிக்காரர், கவலைப்படாதீங்க" என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அது பொய்யான ஆறுதல், நோயாளி மேற்கொண்டு பேச வருவதை அங்கேயே அடைத்துவிடும் என்று விளக்கம் போட்டிருந்தது. எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று அவரிடமே கேட்பதுதான் சரியான பதில்.

எனக்குக் கோபமே வந்தது. நம் ஊரில் அப்படிக் கேட்டால் "என்ன சிஸ்டர், நீங்களே பயமுறுத்துறீங்க" என்று நோயாளியோடு துணைக்கு இருக்கும் அட்டெண்டர் சண்டைக்கு வருவார் என்று கூடப் படித்த தோழியிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

அப்போது மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு. நைட் டியூட்டி முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மதியம் இரண்டு மணிக்கு மேல் புத்தகம். ஒரு நாளைக்கு 75 கேள்விகள் என்று கணக்கு. கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஒன்றரை மணி நேர வேலை. விளக்கங்களைப் படித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். ஒரு நாளில் இதய நோயாளி, பிறந்த குழந்தை, மனநலப் பிரிவில் சாப்பிட மறுக்கும் பெண், டயாலிசிஸ் செய்பவர் என்று எல்லா வார்டையும் சுற்றி வந்தாக வேண்டும். ஒரே வார்டில் வருடக்கணக்காக இருந்துவிட்டவர்களுக்கு இதுதான் சிரமம். பிரசவ வார்டை நான் விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. கர்ப்பிணிக்கு வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் உடம்பில் அளவுக்கு மீறி ஏறும்போது முதலில் முழங்கால் அனிச்சை போகும், அப்புறம்தான் மூச்சு குறையும், அதற்கு மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் காலேஜ் நோட்டைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

2023 ஏப்ரலில் தேர்வு முறை மாறியது. குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நம் பதிலைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியை எடுக்கும். கூடவே மூன்று நோயாளிகளின் கதை வரும், ஒவ்வொன்றுக்கும் ஆறு கேள்விகள். கேஸ் ஷீட் மாதிரியே நர்ஸ் குறிப்பு, பி.பி., ரத்தப் பரிசோதனை எல்லாம் திரையில் இருக்கும். இதில் எது கவனிக்க வேண்டியது, அதற்கு என்ன அர்த்தம், எதை முதலில் செய்வாய், செய்த பிறகு நோயாளி தேறினாரா என்று படிப்படியாகக் கேட்கும். மனப்பாடம் இங்கே பாதி தூரம்தான் கொண்டுவந்து விடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'யாரை முதலில் பார்ப்பாய்' வகைக் கேள்விகள். சுகர் 250 உள்ளவர், ஆபரேஷன் ஆன இடம் வலிக்கிறது என்று கத்துபவர், வீட்டுக்குப் போகப் பயந்து அழுபவர், இதுவரை இருந்த வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோன ஆஸ்துமா நோயாளி. முதலில் போக வேண்டியது அந்தக் கடைசி ஆளிடம். சத்தம் நின்றது குணமாகி அல்ல, காற்றே உள்ளே போகாததால். ராத்திரியில் பெல் அடிக்கிறவர் பக்கமும் குரல் கொடுக்கிற அட்டெண்டர் பக்கமும் ஓடிப் பழகியவள் நான். அதற்கப்புறம் டியூட்டி ஏறியதும் முதலில் சத்தமில்லாத கட்டில்களை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மருந்து டிராலியைத் தொடுவேன்.

டிகாக்சின் என்ற இதய மருந்து இன்னொன்று. கொடுப்பதற்கு முன் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். தெரிந்ததுதான். ஆனால் அவசரத்தில் மணிக்கட்டைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கிவிடுவேன். ஒரு நாள் ஒன்பதாம் கட்டில் தாத்தாவுக்கு முழு நிமிடம் எண்ணினேன். சீரில்லாத துடிப்பு, இரண்டு வேகமாக வரும், அப்புறம் நீண்ட இடைவெளி. 52. அன்று அந்த மாத்திரை டிராலியிலேயே இருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் துடிப்பு எத்தனை இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

தேர்வில் வரும் ஆஸ்பத்திரியில் ஆளும் பொருளும் எப்போதும் தயாராக இருக்கும், ஒரு நோயாளியிடம் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். நம் வார்டில் ராத்திரி அப்படி இல்லை. அதற்கு நர்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை, ஆள் போட வேண்டியவர்கள் போட வேண்டும். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

சென்னையில் எழுதினேன், 85ஆவது கேள்வியோடு திரை நின்றது, பாஸ். விசா வேலை நடந்துகொண்டிருந்த மாதங்களில் அதே வார்டில்தான் இருந்தேன். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக ஒரு பாட்டி வந்திருந்தார். ராத்திரி பதினோரு மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். "பொழச்சிருவேனா தாயி?" என்றார். பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எதை நினைச்சுப் பயப்படுறீங்க பாட்டி?" என்றேன்.

முந்தானை முனையை முறுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கி மூன்று மாதமாக இரண்டு வேளையும் வலி மாத்திரை முழுங்குகிறாராம். ஒரு வாரமாக வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதாம். அட்மிஷனில் கேட்டபோது, வேறு எந்த மாத்திரையும் இல்லை என்று மகன்தான் பதில் சொல்லியிருக்கிறார். இந்த மாத்திரை விஷயம் மகனுக்கே தெரியாது.

"மவன்கிட்ட சொல்லிராத தாயி. காசை வீணாக்குறேன்னு திட்டுவான்."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் இப்படிக் கறுப்பாகப் போகும், டாக்டரிடம் இப்போதே சொல்லியாக வேண்டும், காலை ஆபரேஷன் தள்ளிப்போகலாம், அது உங்கள் நல்லதுக்குத்தான் என்றேன். மகனிடம் உங்களைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"காலையில காப்பி வாங்கிட்டு வருவான். நீ பக்கத்துல நில்லு, நானே சொல்லிர்றேன்."