பார்சல் புரோட்டாவும் சிங்கப்பூர் பாட்டிலும்

பொங்கலுக்குக் காரைக்குடி வரும் சிங்கப்பூர் மாப்பிள்ளையின் பெட்டியில் தைலம், சாக்லேட்டுக்கெல்லாம் அடியில், துண்டில் சுருட்டிய சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி கிடையாது என்பதால் சுங்கத்திலும் சிக்கல் இல்லை. சிக்கல் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். ஆச்சிமார் அடுப்பை அணைத்தாயிற்று, "கடையில வாங்கிக்கிருவோம்" என்று முடிவாகி, மச்சினன் பைக்கில் போய்ப் புரோட்டா, சால்னா, சிக்கன் சுக்கா, வரமிளகாய் போட்ட உப்புக்கறி, போதாக்குறைக்கு ஒரு சில்லி சிக்கன் என்று கட்டிக்கொண்டு வருவான். மாடியில் கூட்டம் கூடும். உப்புக்கறி ஒரு வாய், ஒயின் ஒரு மடக்கு. மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர்.

"என்ன அயித்தான், வரமொளகாயக் கடிச்சிட்டீகளா?"

மிளகாயை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளேதான் மிளகாய்க் காரத்தையும் உணர்கின்றன. வழக்கமாக 42 டிகிரியை ஒட்டித்தான் அவை 'சுடுகிறது' என்று கத்தும். ஆல்கஹால் சேர்ந்தால் 34 டிகிரியிலேயே கத்த ஆரம்பித்துவிடும், அதாவது வெறும் உடல் சூடே போதும். 14.5 சதவீத கேபர்னே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயினில் ஆல்கஹாலும் கூடுதல், திராட்சைத் தோலும் விதையும் தந்த துவர்ப்பும் கூடுதல். காரத்தில் வெந்த நாக்குக்கு அந்தத் துவர்ப்பு கசப்பாகத் தெரியும். பாட்டிலின் விலை ஏற ஏற இந்த வேதனை குறையும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

சால்னாவுக்கும் உப்புக்கறிக்கும் ஏற்றது, ஆல்கஹால் 11, 12 சதவீதத்துக்குள் நிற்கும், லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின். ரீஸ்லிங் கிடைத்தால் யோகம். இல்லையென்றால் நாசிக் பக்கத்து செனின் பிளாங்க். டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கடையில் ஒயின் கேட்டால், பிராந்திப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி எடுத்துத் தருவார்கள். எத்தனை சித்திரை வெயிலைப் பார்த்த பாட்டிலோ! கார்க் மேலே தள்ளி நின்றாலோ, கழுத்தில் பிசுக்கு வழிந்திருந்தாலோ வாங்காதீர்கள், வெந்த ஒயின் அது. திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி வரைக்கும் டிக்கியில் வேகும் பாட்டிலுக்கும் இதே கதிதான். அதைக் காலுக்கடியில், ஏசி படும் இடத்தில் வையுங்கள்.

மிளகு சுக்கா மட்டும் இதில் விதிவிலக்கு. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஆகவே வரமிளகாய் குறைந்து மிளகு தூக்கலாக இருக்கும் சுக்காவோடு சிவப்பு ஷிராஸ் ஒட்டி உறவாடும். ஆனால் குளிர வைத்த பிறகுதான். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்று சொன்னவன் இருந்த அறை 16, 18 டிகிரி. நம் வளவு வீட்டு மாடி சித்திரையில் 35. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுங்கள். "சிவப்பை ஐஸ்ல வைக்கலாமா?" என்று முகம் சுளிப்பவரை மாடிக்கு வெளியே உட்கார வைக்கலாம்.

அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. 20 நிமிடத்தில் வெள்ளை தயார். வெறும் ஐஸில் குத்தி வைத்தால் பாட்டிலை அங்கங்கேதான் தொடும். தண்ணீர்தான் சுற்றி அணைக்கும். ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்தால் கார்க் பிதுங்கும். நுரைக்கும் ஒயினாக இருந்தால் பாட்டிலே வெடிக்கும். அப்புறம் அப்பத்தாவின் மாவுச் சட்டிக்கு யார் பதில் சொல்வது?

பொரித்த கோழி, பிரெஞ்சு ஃப்ரை வகையறாவுக்கு இனிப்பில்லாத நுரை ஒயின், புரூட் என்று போட்டிருப்பது. அதன் புளிப்பும் குமிழியும் எண்ணெயை வழித்துவிடும். பீட்சாவின் தக்காளிப் புளிப்புக்குத் துவர்ப்புக் குறைந்த சிவப்பு. சில்லி சிக்கனில் சாஸ் இனிப்பு இருப்பதால் ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின் போதும். பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடியை மட்டும் ஓரமாக வையுங்கள், எந்த ஒயினையும் அது சாய்த்துவிடும்.

பொட்டலத்தைப் பிரித்ததும் பாயாதீர்கள். ஆவி அடங்க பத்து நிமிடம் விட்டால் காரம் கொஞ்சம் மட்டுப்படும். உப்புக்கறியில் முழு மிளகாயைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்குங்கள்.

கார்க் திருகி எந்த வீட்டிலும் இருக்காது. செருப்புக்குள் பாட்டிலைச் செருகி பர்மாத் தேக்குத் தூணில் முட்டுகிற வித்தையை வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். தூணுக்கு ஒன்றும் ஆகாது, பாட்டிலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை. 2 அங்குலத் திருகாணி ஒன்றைக் கார்க்கின் நடுவில் அரை அங்குலம் வெளியே நிற்கும்படி முறுக்கி, கொறடால் பிடித்து நேராக இழுங்கள். வந்துவிடும். கிண்ணக் கோப்பைக்கு அலைய வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். ஈயம் பூசாத பித்தளைச் செம்பு மட்டும் ஆகாது. ஒயினின் அமிலம் உலோகத்தை அரிக்கும். அதே அமிலம் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லையும் விடாது, சிமெண்டுக் கல் அல்லவா. சிந்தினால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், பூப்போட்ட தரையில் நிரந்தரமாக ஒரு புது டிசைன்.

கூட்டத்தில் ஒரு பிராந்தி அம்மான் இருப்பார். 750 மில்லி என்றதும், "நாலு குவார்ட்டர், முப்பது கொசுறு" என்று கணக்குப் போட்டு, தண்ணீர் கலந்து ஒரே மூச்சில் இறக்கி, "ஏறவே இல்லையே மாப்ளே" என்பார். தண்ணீர் ஊற்றினால் மணமும் புளிப்பும் செத்துப்போகும் என்று அவரிடம் விளக்க முயல வேண்டாம். டம்ளருக்கு 150 மில்லி வீதம் ஐந்து பேருக்கு ஊற்றிவிட்டு, அவருக்கு முன்னால் பாட்டிலை வைக்காமல் இருந்தால் சரி. பைக் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் தாங்கும். மேலே தாளில் பெயர் எழுதி ஒட்டுவது நல்லது. இல்லாவிட்டால் நன்னாரி சர்பத் என்று எண்ணி, பால்காரருக்கு எலுமிச்சை பிழிந்து கொடுத்துவிடுவார் அப்பத்தா.