மாயாறு ஏன் நேராக ஓடுகிறது

ஜனவரி 11, ஞாயிறு
கோடநாடு காட்சிமுனை. போய் இறங்கியபோது ஒரே பனிமூட்டம், முக்கால் மணி நேரம் டீயும் கையுமாக நின்றோம். அப்புறம் மெல்ல விலகியதும் வயிற்றில் ஒரு கலக்கம், ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை அப்படியே சரிகிறது. கீழே தெங்குமரஹடா வயல்கள், ஓரத்தில் மாயாறு. ஆறு கொஞ்சம் நெளிகிறது, ஆனால் அது ஓடும் பள்ளத்தாக்கு மேற்கிலிருந்து கிழக்காக யாரோ கயிறு பிடித்து வெட்டிய மாதிரி நேராக இருக்கிறது. மசினகுடிப் பக்கம் இதே ஆற்றின் இடுக்குக்கு வெள்ளைக்காரர்கள் 'மைசூர் டிட்ச்' என்று பெயர் வைத்தார்கள். டிட்ச் என்றால் அகழி, பொருத்தம்தான்.

ஜனவரி 12, திங்கள்
கோத்தகிரி சாலையோரம் ஒரு சில்லு எடுத்தேன். ஊரில் கருங்கல் என்போம், புத்தகத்தில் சார்னோக்கைட். உடைந்த முகம் எண்ணெய் தடவியது போல மினுங்குகிறது, நடுநடுவே சிவப்பாகக் கார்னெட் என்ற கனிமம். பெயர்க்கதை வேடிக்கையானது: கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை மேல் கிடப்பது நம் பல்லாவரத்துக் கல். அதைப் பார்த்துத்தான் 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பெயரை வைத்தார்.

நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. உருவானது மலையில் இல்லை, பூமிக்குள் சுமார் 25 கி.மீ. ஆழத்தில். மாயாற்றை ஒட்டிய வடக்கு ஓரம் இன்னும் ஆழத்தில் வெந்தது, தென்மேற்கு ஓரம் அவ்வளவு இல்லை. மொத்தத் துண்டும் ஒரு பக்கம் தூக்கலாக மேலே வந்திருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்
நேராக இருப்பதற்குக் காரணம் இதுதான். வடக்கே மைசூர் பீடபூமி, தெற்கே நீலகிரி, இரண்டும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தடம் இந்தப் பள்ளத்தாக்கு. அந்த ஆழத்துச் சூட்டில் பாறை உடையாது, பரோட்டா மாவு மாதிரி இழுபடும். அப்படி இழுபட்டு நைந்த கல்லை மைலோனைட் என்கிறார்கள். ஆறு பள்ளத்தாக்கை வெட்டியது என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி, எங்கே வெட்டுவது என்று பாறை முன்பே கோடு போட்டுவிட்டது. நீலகிரிக்குத் தெற்கே இதேபோல இன்னொரு தடம், அதில் பவானி. தடங்கள் இரண்டும் மலைக்குக் கிழக்கே நெருங்கி ஒன்றாகின்றன, ஆறுகளும் அந்தப் பக்கம்தான் சேர்கின்றன. 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணை நிற்பது அங்கேதான்.

ஜனவரி 16, வெள்ளி
மாமா வீடு, பவானிசாகர் பக்கம். பக்கத்துத் தோட்டத்தில் 620 அடிக்குப் போர்வெல் போட்டும் வெறும் புகைதானாம், தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்த்தவரை இன்னும் திட்டுகிறார்கள். மாமா போரில் 300 அடியிலேயே தண்ணீர். மைலோனைட் தானாகத் தண்ணீர் வைத்துக்கொள்ளாது மாமா, அது கெட்டி, மேலே வந்தபிறகு அதில் விழுந்த வெடிப்புகளில்தான் ஊற்று என்று நீளமாக விளக்கினேன்.

"வெடிப்பு இருந்தா தண்ணி, அதுக்கு எதுக்கு மாப்ள இத்தன பேரு?" என்றார்.

போர் போட்டபோது வந்த கல்பொடியை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் அலசினேன். அடியில் மிளகாய் விதை அளவுக்கு இரண்டு மூன்று சிவப்புத் துணுக்கு நின்றது.