பக்க எண் தெரியாமலே பொருளடக்கம் போட்ட கதை

"சார், பேரிங் மாத்துறது 187ஆம் பக்கம்னு போட்டிருக்கீங்க. அங்க பெயின்ட் அடிக்கிறதுதான் இருக்கு."

ஒரு சர்வீஸ் இன்ஜினியர் போனில் இப்படிச் சொன்ன அன்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கையேடுகளைப் பார்த்துக்கொள்வது அப்போது என் பொறுப்பு. இருப்பதிலேயே பெரிய கையேடு 312 பக்கம். உள்ளடக்கம் முழுவதும் எக்ஸ்எம்எல்லில், அதாவது இது தலைப்பு, இது பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் டேக் (அடையாளக் குறி) போட்ட வடிவத்தில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட்டை, அதாவது எந்த டேக்கை எப்படி மாற்றுவது என்று சொல்லும் விதித் தொகுப்பை, ஓட்டினால் பிடிஎஃப் வந்துவிடும். பொருளடக்கத்தை மட்டும் அவர் தனி ஃபைலில், பக்க எண்ணோடு சேர்த்துக் கையால் தட்டி வைத்திருந்தார். நடுவில் ஒரு படம் கொஞ்சம் பெரிதானால் போதும், அதற்குப் பின்னால் உள்ள எண் அத்தனையும் பொய்யாகிவிடும். அப்படித்தான் பேரிங்கும் பெயின்ட்டும் இடம் மாறியிருந்தன.

முதல் மூன்று நாள் நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே பக்கத்தைக் கணக்குப் போடப் பார்த்தேன். பக்கத்துக்கு 2,200 எழுத்து, படத்துக்கு அரைப் பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணி வகுத்தேன். முதல் அத்தியாயத்துக்கு அச்சு அசலாகச் சரியாக வந்தது. அதில்தான் ஏமாந்தேன். ஆறாவதில் நான்கு பக்கம் தள்ளி நின்றது. அட்டவணைகளுக்கென்று ஒரு திருத்தம் சேர்த்தேன். ஒன்பது பக்கம் தள்ளிப் போனது.

பக்கத்து மேசையில் டேட்டாபேஸ் பார்க்கும் அக்கா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டைல்ஷீட் ஓடுறப்போ பக்கம்னு ஒண்ணு இருக்குதா தம்பி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இல்லைதான். நாம் எக்ஸ்எஸ்எல் என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலை. எக்ஸ்எஸ்எல்டி 1999இல் தனித் தரமாக வந்தது. ஒரு எக்ஸ்எம்எல் மரத்தை (டேக்குக்குள் டேக்காகக் கிளைக்கும் அமைப்பை) இன்னொரு மரமாக மாற்றுவதோடு அதன் பங்கு முடிந்தது. பக்கம், ஓரம், எழுத்தளவு என்பதையெல்லாம் சொல்லும் எஃப்ஓ மொழி 2001இல் வந்த எக்ஸ்எஸ்எல் 1.0இல் இருக்கிறது. அந்த எஃப்ஓவை வாங்கி, வரி உடைத்து, பக்கம் பிரித்து பிடிஎஃப் ஆக்குவது மூன்றாவதாக ஒரு மென்பொருள். எங்களிடம் இருந்தது அப்பாச்சி எஃப்ஓபி. ஸ்டைல்ஷீட் ஓடி முடிந்த பிறகுதான் அது வேலையையே தொடங்குகிறது. நான் செய்துகொண்டிருந்தது, எந்த விருந்தாளி எந்தப் பந்தியில் உட்காருவார் என்று சமையல்காரரிடம் போய்க் கேட்பது மாதிரி.

அப்படியானால் ஸ்டைல்ஷீட் செய்யக்கூடியது ஒன்றுதான்: எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சீட்டு எழுதி வைப்பது. எஃப்ஓவில் அதற்கென்றே 'பேஜ்-நம்பர்-சைட்டேஷன்' என்று ஒரு டேக் உண்டு. அதில் 'ரெஃப்-ஐடி' என்று ஓர் அடையாளத்தைக் கொடுத்தால், அந்த அடையாளம் கொண்ட பத்தி எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்த எண்ணை எஃப்ஓபி பின்னால் வந்து நிரப்பும். பக்கத்தைக் கணக்குப் போட நான் எழுதிய டெம்ப்ளேட்டுகள் (ஸ்டைல்ஷீட்டின் விதிகள்) எல்லாவற்றையும் அழித்தேன். 140 வரி.

இனி ஒவ்வொரு தலைப்பையும் இரண்டு முறை சுற்றிவர வேண்டும். ஒரே தலைப்புக்கு இடத்துக்கேற்ப வேறு விதி ஓட 'மோட்' என்று ஒரு வசதி உண்டு. முதல் சுற்று 'டாக்' என்று நான் பெயர் வைத்த மோடில்: தலைப்பு, புள்ளிவரிசை, சீட்டு. இரண்டாவது சுற்று வழக்கமான மோடில்: தலைப்பும் பாடமும், தலைப்பின் பத்தியில் ஓர் ஐடியும். இரண்டு இடத்திலும் ஒரே ஐடி வர 'ஜெனரேட்-ஐடி' என்ற ஃபங்ஷன் போதும். ஒரே ஓட்டத்தில் ஒரே முனையை (மரத்தில் உள்ள ஒரு டேக்கை) காட்டி எத்தனை முறை கேட்டாலும் அது ஒரே விடையைச் சொல்லும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் நேராகப் போய் விழுந்தேன். பின்னிணைப்புகளை அகர வரிசையில் காட்டலாமே என்று, தலைப்புகளை ஒரு வேரியபிளுக்குள் நகலெடுத்து அடுக்கி, அந்த நகலிலிருந்து பொருளடக்கம் எழுதினேன். பிடிஎஃப்பில் பின்னிணைப்புகளுக்கு எண்ணே இல்லை. புள்ளிகள் ஓடிப்போய் வெறும் இடத்தில் நின்றன. தீர்க்க முடியாத ஐடி என்று கன்சோலில் வரிசையாக எச்சரிக்கை. நகலெடுத்த முனை வேறு முனை, ஆகவே அதன் ஐடியும் வேறு. பொருளடக்கம் தேடிய ஐடி ஆவணத்தில் எங்குமே இல்லை. நகலை விட்டுவிட்டு, மூல முனைகளையே சுற்றும்போது 'சார்ட்' போட்டதும் சரியானது. ஐடிகளை மூல எக்ஸ்எம்எல்லிலேயே கையால் எழுதிவிடலாம் என்பார்கள் சிலர். எங்கள் ஆட்கள் ஓர் அத்தியாயத்தை அப்படியே காப்பி அடித்து அடுத்த மாடலுக்கு மாற்றுபவர்கள். ஒரே ஐடி இரண்டு இடத்தில் வந்தால் எஃப்ஓபி பிழை சொல்லி நின்றுவிடும். அதனால் எனக்கு ஜெனரேட்-ஐடியே மேல்.

அடுத்து புள்ளிகள். தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவில் 'லீடர்' டேக்கைப் போட்டு, வடிவம் 'டாட்ஸ்' என்றேன். நான்கைந்து புள்ளி வந்தது, எண் தலைப்பை ஒட்டிக்கொண்டு நின்றது. லீடரின் இயல்பான நீளம் 12 பாயின்ட்தான், இழுத்தால்தான் நீளும். இழுப்பதற்கு அந்தப் பத்தியில் 'டெக்ஸ்ட்-அலைன்-லாஸ்ட்' என்பதை 'ஜஸ்டிஃபை' என்று வைக்க வேண்டும். பத்தியின் கடைசி வரியை ஓரம் முதல் ஓரம் வரை நிரப்பு என்று பொருள். நம் ஒற்றை வரிக்கு அதுவேதான் கடைசி வரி. லீடர் விரிந்து எண் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு வரிக்கு அரை நாள் போனது.

அன்று சாயங்காலம் பொருளடக்கம் முழுதாக வந்தது. ஆசையாகத் திறந்து பார்த்தால் அத்தியாயம் ஒன்று, பக்கம் 1. அத்தியாயம் இரண்டு, பக்கம் 1. பதினெட்டு அத்தியாயமும் பக்கம் 1. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சீட்டு முறையில் கோளாறு என்று அதையே ஒரு மணி நேரம் குடைந்தேன். கோளாறு அங்கே இல்லை. முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண், பாடம் 1இலிருந்து என்று ஏற்பாடு செய்தபோது, 'இனிஷியல்-பேஜ்-நம்பர்' 1 என்பதை அத்தியாய டெம்ப்ளேட்டில் எழுதியிருந்தேன். ஒவ்வோர் அத்தியாயமும் தனி 'பேஜ்-சீக்வென்ஸ்' (பக்கத் தொடர்) என்பதால் ஒவ்வொன்றும் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. பொருளடக்கம் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் அத்தியாயத்துக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்ததும் தீர்ந்தது. முன்னுரைக்குச் சீட்டு போட்டால் ரோமன் எண்ணே வருகிறது. எந்தப் பக்கத்தைக் காட்டுகிறோமோ அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அது நான் கேட்காமலே கிடைத்த நல்லது.

முன்னுரைக்கும் முதல் அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் முளைத்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த பகுதி ஒற்றைப்படை எண்ணில் தொடங்கு என்று நாம் சொல்லியிருந்தால், முந்தைய பகுதி இரட்டைப்படையில் முடியும்படி தானாகவே ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்ப்பது விதி. அச்சுக்கு அது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு கண்ணில் பட்டது, பொருளடக்கப் பக்கத்தின் அடியில் ஓர் அடிக்குறிப்பு. 'மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு மட்டும்.' ஓர் அத்தியாயத் தலைப்பில் யாரோ அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். தலைப்பைப் பொருளடக்கத்தில் எழுதும்போது அதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. டாக் மோடில் அடிக்குறிப்புக்கு ஒன்றுமே செய்யாத ஒரு வெற்று டெம்ப்ளேட். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரியையும் 'பேசிக்-லிங்க்' டேக்குக்குள் வைத்ததால், திரையில் படிப்பவர்கள் தட்டினால் அந்தப் பக்கத்துக்கே போகலாம். ஐடி ஏற்கெனவே இருப்பதால் இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

ஆங்கிலக் கையேடு இப்படி ஒரு கரைக்கு வந்தது. சில மாதம் கழித்து, ஃபீல்டில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழில் வேண்டும் என்றார்கள். அதே ஸ்டைல்ஷீட்டில் தமிழ் எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தேன். பொருளடக்கம் முழுக்க ஹேஷ் (#) குறிகள். எழுத்துருவில் எழுத்து இல்லையென்றால் எஃப்ஓபி அந்த இடத்தில் ஹேஷைப் போட்டுவிடும். கான்ஃபிக் ஃபைலில் தமிழ் எழுத்துருவைக் காட்டினேன். எழுத்து வந்தது, ஆனால் 'மேல்மூடி' என்பதில் மகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. எங்கள் சர்வரில் இருந்தது பழைய பதிப்பு. சிக்கலான எழுத்துமுறைகளைக் கையாளும் வசதி 2012இல் வந்த 1.1 பதிப்பில்தான் சேர்ந்தது. புதிய பதிப்புக்கு மாறியதும் கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியது.

தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. 'மெக்கானிக்கல் சீல் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை' ஒரே வரியில் அடங்காது. மடிந்தபோது முதல் வரி பக்க எண்களின் நெடுவரிசைக்குள் நுழைந்து அசிங்கமாக இருந்தது. பத்திக்கு வலது பக்கம் 24 பாயின்ட் உள்தள்ளல் கொடுத்து, கடைசி வரிக்கு மட்டும் மைனஸ் 24 பாயின்ட் கொடுத்தால், தலைப்பு உள்ளே மடிகிறது, எண் மட்டும் ஓரத்துக்கு வருகிறது. கையேடுகளுக்கென்றே இருக்கும் டாக்புக் என்ற பொது டேக் தொகுப்பின் ஸ்டைல்ஷீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது கற்ற வித்தை இது. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் டாக்புக்கையே எடுத்துக்கொண்டிருப்பேன், பொருளடக்கம் அதில் தயாராகவே இருக்கிறது. எங்கள் டேக்குகள் எங்களுடையவை, அதனால் அந்த வழி இல்லை.

அடுத்த திருத்தத்தில் நடுவில் 14 பக்கம் புதிதாகச் சேர்ந்தன. கட்டளையை ஓட்டிவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து முதல் வேலையாக பேரிங்கைத் தேடினேன். பொருளடக்கம் 201 என்றது. 201ஐத் திறந்தேன். பேரிங்தான்.