கறவை

பற என்ற வினையிலிருந்து பறவை. கற என்ற வினையிலிருந்து கறவை. பசுவோ எருமையோ, பால் கறக்கும் காலத்தில் அது கறவை. வற்றிவிட்டால் அப்படிச் சொல்வதில்லை. திருப்பாவையின் 28ஆம் பாசுரம் ‘கறவைகள் பின்சென்று’ என்றே தொடங்குகிறது. எவ்வளவு பழைய சொல்! ஓயாமல் பணம் தருகிறவரைக் ‘கறவை மாடு’ என்று இளக்காரமாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா வீட்டில் முதலில் கன்றைத்தான் அவிழ்த்துவிடுவார்கள். அது முட்டி முட்டிக் குடித்து மடி சுரந்த பிறகே ஆயா காம்பைக் கழுவி, விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்வார். ஒரு காம்பைத் தொடவே மாட்டார், அது கன்றுக்கு.

உங்கள் ஊரில் கறவைக்கு வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள்.