மிட்ஜெட்டின் லோவர் ஆர்ம் மாற்றிய கதை

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், எம்ஜி மிட்ஜெட் என்ற பழைய சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவர்கள் அதிகமில்லை. என்னுடையது 1968ஆம் ஆண்டு வண்டி, 1275 சிசி. ஓய்வுபெற்ற தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கியது. ஏப்ரல் சீசனில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரி வண்டிகள் மலையில் எங்கெங்கோ ஒளிந்து கிடக்கின்றன. ஓடுகிற நிலையில் இருப்பவைதான் குறைவு.

மழைக்காலம் முடிந்த கையோடு முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கினிகத்தேனை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு கேட்கும். பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரின் உட்புறம் தேய்ந்திருந்தது. எல்லோரும் சொன்னது வீல் பேரிங். ஆனால் அதைப் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் தண்டு, இல்லையென்றால் அதற்குக் கீழே. எனக்கு நிற்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தபோது கிங்பின்னின் அடிப்பாகமும், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் கையான லோவர் ஆர்மும் சேரும் இடத்தில்தான் அசைவு தெரிந்தது.

இந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லோவர் ஆர்மின் வெளி முனையில் இரண்டு காதுகள், இரண்டிலும் உள்ளே மரை. நடுவில் கிங்பின்னின் கால். மூன்றுக்கும் ஊடாக ஒரு மரைப் பின் போகிறது. ஃபல்க்ரம் பின் என்பார்கள். ஒரு கொட்டர் பின், அதாவது குறுக்கே இறங்கும் சின்ன ஆப்பு, அதைக் கிங்பின்னோடு பூட்டி வைக்கும். அதனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அந்தப் பின் ஆர்மின் மரைக்குள் திரும்புகிறது. அதாவது மரையேதான் பேரிங். கிறீஸ் இல்லாமல் விட்டால் முதலில் மரை தேயும், அப்புறம் துரு ஏறி ஒரேயடியாக இறுகிவிடும். என்னுடைய ஆர்மில் பின்பக்கக் காது முட்டை வடிவமாகவே ஆகியிருந்தது. முன்பக்கக் காது இறுகிப் போயிருந்தது.

நகரத்தில் நான் முதலில் காட்டிய கராஜில், "வெல்டிங் போட்டு நிரப்பி, திரும்ப மரை வெட்டித் தரலாம் சேர், ஒரு நாள் வேலை" என்றார்கள். செலவும் குறைவு. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு காதுகளின் மரையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் ஆர்ம் கொஞ்சம் முறுக்கினாலும் பின் உள்ளே போகாது. போனாலும் இறுகித் தேயும். அதைவிட முக்கியம், அந்தப் பின் கழன்றால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். பள்ளத்தாக்கு ஓரமாக ஓடுகிற வண்டியில் பொடியை, அதாவது வெளிக்கூட்டை, புதிதாக்க வெல்டிங் போடலாம், பெயின்ட் கூட விட்டுவிடலாம். சஸ்பென்ஷனில் வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

கொட்டகலையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். தோட்டங்களின் ஆஸ்டின், மொரிஸ் வண்டிகளில் தொழில் பழகியவர். ஆர்மின் படத்தைக் காட்டியதும், "இது ஏ35 கால் தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். மிட்ஜெட்டின் மூத்த உருவமான ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காருக்கு முன்பக்க சஸ்பென்ஷனை ஆஸ்டின் ஏ35இலிருந்து எடுத்தார்கள், ஸ்டியரிங்கை மொரிஸ் மைனரிலிருந்து. ஸ்போர்ட்ஸ் கார் என்று பயந்து ஒதுங்கிய கராஜ்காரர்களிடம், உள்ளே இருப்பது அவர்கள் அப்பா காலத்துக் குடும்பக் கார்தான் என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

பாகம் தேடி, பழைய வண்டிப் பாகக் கடைகள் இருக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். எம்ஜி என்று கேட்டால் கைவிரிப்பு, ஆஸ்டின் என்று கேட்டால் மேல்மாடிக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே கிடைத்த ஆர்ம்கள் எல்லாமே என்னுடையதைவிட மோசம். வாங்குவதற்கு முன் ஒரு புதுப் பின்னைக் கையோடு கொண்டுபோய் மரையில் திருகிப் பார்ப்பது நல்லது. கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. கடைசியில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். மிட்ஜெட் பாகங்கள் அங்கே இன்னும் செய்யப்படுகின்றன, அதில் கஷ்டமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: ஆர்ம், ஷொக் அப்சோபர் போன்றவற்றுக்குப் பழசைக் கொடுத்தால்தான் அந்த விலை, அதுவரை ஒரு டெபாசிட் கட்ட வேண்டும். இரும்பைத் திருப்பி அனுப்பும் செலவைக் கணக்குப் பார்த்தால் டெபாசிட்டை மறந்துவிடுவதே லாபம். பாகத்தின் விலையோடு கூலியும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தபோது வீட்டில் நான் தொகையைச் சொல்லவில்லை.

ஆர்மைக் கழற்றும்போது பயப்பட வேண்டியது ஸ்பிரிங்குக்கு. அழுத்தத்தில் இருக்கும் கொயில் ஸ்பிரிங் தப்பினால் கையை எடுத்துவிடும். ஸ்பிரிங்கின் அடித்தட்டு நான்கு போல்ட்டில் நிற்கிறது. கொட்டகலைப் பெரியவர் எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டைக் கழற்றி, அந்த இடத்தில் முழு நீளமும் மரை வெட்டிய நீள போல்ட் இரண்டைப் போட்டார். பிறகு மற்ற இரண்டையும் கழற்றிவிட்டு, நீள போல்ட்டின் நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஸ்பிரிங் சத்தமில்லாமல் இறங்கி வந்தது. பொடியை ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கை மட்டும் நம்பி இதைச் செய்யக் கூடாது.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. கொட்டர் பின்னைத் தட்டி எடுக்கவே பாதி நாள். ஃபல்க்ரம் பின்னின் தலையில் ஸ்குரூ டிரைவருக்கு ஒரு வெட்டு உண்டு. திருப்பினோம், வெட்டு சிதைந்தது. எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். காஸ் அடித்துச் சூடாக்கினோம். அசையவே இல்லை. "ஆர்ம் எப்படியும் போகப் போகுது, ஏன் மல்லுக்கட்டணும்?" என்று பெரியவர் வாள் பிளேடை எடுத்தார். கிங்பின்னுக்கும் காதுகளுக்கும் இடையே கார்க் வளையம் இருக்கும் சின்ன இடைவெளி உண்டு. அதற்குள் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் பின்னை அறுத்தார். பழைய ஆர்மைக் காப்பாற்ற நினைக்காதவர்களுக்கு இதுதான் குறுக்கு வழி.

கிங்பின்னும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டி வந்தது. கிங்பின் நுழையும் உலோகக் குழாய்களான புதுப் புஷ் இரண்டையும், சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் அக்சிலில் அழுத்திப் போட்டதும் கிங்பின் அப்படியே உள்ளே போய்விடாது. துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் விட்டு, மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே கோட்டில் வரும்படி அளவாக்க வேண்டும். ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் அதைப் பொறுமையாகச் செய்து தந்தார்கள். கையால் தள்ளினால் எண்ணெயோடு வழுக்கிப் போக வேண்டும், ஆடக் கூடாது.

பூட்டும்போது ஒரு விஷயம். ஆர்மின் உள்முனை ரப்பர் புஷ்களின் நட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் பாரம் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

வலது பக்கத்தையும் திறந்து பார்த்தோம். அங்கே பின் கையாலேயே சுழன்று வந்தது, மரையும் நன்றாக இருந்தது. புதுப் பின் மட்டும் போட்டு மூடிவிட்டோம். ஒரே வண்டியில் ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி என்றால், இடது பக்கம் கிறீஸ் ஏற்றும் வாயான நிப்பிளில் பெயின்ட் அடைத்திருந்தது. யாரோ பல வருஷமாகக் கிறீஸ் கன்னை வைத்து அழுத்தியிருக்கிறார்கள், உள்ளே ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்: கிங்பின்னுக்கு இரண்டு, ஃபல்க்ரம் பின்னுக்கு ஒன்று. 3000 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது கணக்கு. மழையில் ஓடும் வண்டிக்கு நான் அதில் பாதியிலேயே அடிக்கிறேன். சக்கரத்தைத் தூக்கி வைத்து அடித்தால்தான் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் கிறீஸ் போகும். மூட்டிலிருந்து பழைய கிறீஸ் பிதுங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டரில் இந்த வண்டி இல்லை. டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, 0 முதல் 3.2 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டுபோன துண்டைக் கொடுத்தேன். கேம்பரை, அதாவது சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, திருத்த இந்த வண்டியில் வழியே இல்லை என்று சொல்லிப் புரிய வைக்கத்தான் நேரம் எடுத்தது. இப்போது இழுப்பு இல்லை, சத்தம் இல்லை, ஸ்டியரிங் பழையதைவிடக் கொஞ்சம் கனம். புதுப் புஷ்கள் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்கிறார் பெரியவர்.

நீள போல்ட் இரண்டும் மீந்த கார்க் வளையங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. தலவாக்கலையில் ஏ35 வைத்திருக்கும் ஒருவர் போல்ட்டைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் வண்டியின் நிப்பிளில் முதலில் பெயின்டைச் சுரண்டச் சொல்லி அனுப்பினேன்.