காமாக் கதிரும் காயக் கட்டும்

பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுப் புண்ணுக்குப் போடப்படும் ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த ஜெல்) கட்டுகளைப் பற்றி இங்குள்ள நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். போலந்தில் ரோசியாக் என்னும் அறிவியலாளர் 1980களில் உருவாக்கிய முறையில், பாலிவினைல் பைரோலிடோன் என்னும் பாலிமரும் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) அகர் அகரும் (பெருநாள் விருந்தில் நாம் உண்ணும் அதே) கலந்த நீரைப் பொட்டலமிட்டு, ஏறத்தாழ 25 கிலோகிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) காமாக் கதிர்வீச்சு செலுத்துகிறார்கள். கதிர் நீரைப் பிளக்க, அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் (எளிதில் வினைபுரியும் துகள்கள்) பாலிமர்ச் சங்கிலிகளிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஜெல்லாகின்றன. பிணைப்புக்கெனத் தனி வேதிப்பொருள் தேவையில்லை, கிருமிநீக்கமும் அப்போதே முடிந்துவிடுகிறது.

எனக்கு வியப்பூட்டுவது அடுத்த கட்டம்தான்: வெள்ளி உப்பையும் சேர்த்தால், நீரிலிருந்து விடுபடும் எலெக்ட்ரான்கள் வெள்ளி அயனிகளை நுண்துகள்களாக்குகின்றன, அத்துகள்கள் பின்னர் மெல்ல விடுவிக்கும் அயனிகள் பாக்டீரியாவைக் கொல்கின்றன. வெள்ளி மிகுந்தால் நம் செல்களும் பாதிக்கப்படும். கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமம் வெளியிடும் காமாக் கதிரோ காயக் கட்டுக்குள் கதிரியக்கம் எதையும் விட்டுச்செல்வதில்லை.